செசபீக் விரிகுடாவில் ஜெல்லி மீன் காலம்: கோடையில் எங்கே, எப்போது நீந்தலாம்?

கேள்வி இதுதான். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வசிக்கும் ஒரு குடும்பம் ஜூலைக் கடைசியில் செசபீக் விரிகுடாக் கரையில் இரண்டு நாள் தங்கப் போகிறது. பிள்ளைகளுக்கு ஆறு வயதும் பத்து வயதும். ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் ஜெல்லி மீன் கொட்டும், இறங்கவே முடியாது என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்களாம். நீந்தலாமா, கொட்டிவிட்டால் என்ன செய்வது, இந்த ஜெல்லி மீன்களை ஏன் யாரும் ஒழிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக நீந்தலாம். ஆனால் எந்தக் கரைக்குப் போகிறீர்கள் என்பதையும், இந்த வசந்தத்தில் மழை எப்படி என்பதையும் பார்க்காமல் விடுதிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். ஜூலைக் கடைசி என்பது நடு விரிகுடாவில் ஜெல்லி மீன் உச்சத்தில் இருக்கும் நேரம். அதே வாரத்தில், அதே விரிகுடாவின் வடகோடியில், காலையிலிருந்து மாலைவரை பிள்ளைகள் நீரில் கிடந்தாலும் ஒன்றுகூடத் தட்டுப்படாமல் போகலாம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உப்பு. அதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். கோடையில் இங்கே கொட்டுவது பெரும்பாலும் ஒரே இனம்தான். ஊர்க்காரர்கள் அதைச் ‘சீ நெட்டில்’ என்பார்கள். பால் வெள்ளையாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குடை. அதன் விளிம்பிலிருந்து இருபத்துச் சொச்சம் மெல்லிய இழைகள். நடுவில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் நான்கு வாய்க்கரங்கள். தெற்கே, உப்பு கூடுதலான நீரில், குடையின்மேல் செம்பழுப்புக் கோடுகள் உள்ளவையும் உண்டு. அட்லாண்டிக் கடலில் இருப்பதும் விரிகுடாவில் இருப்பதும் ஒன்றே என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, விரிகுடாவில் இருப்பது தனி இனம் என்று 2017இல் பிரித்தார்கள். அதன் அறிவியல் பெயரிலேயே செசபீக் இருக்கிறது. கடலில் வாழும் இனத்தைவிட இது சிறியது, இழைகளும் குறைவு.

இதைத் தவிரக் கண்ணாடி உருண்டைகளாக, இழையே இல்லாமல், கூட்டம் கூட்டமாக மிதந்து வருபவை சீப்பு ஜெல்லிகள். இவற்றிடம் கொட்டும் செல்களே கிடையாது. பிள்ளைகள் கையில் அள்ளிப் பார்க்கலாம். இருட்டிய பிறகு படகுத்துறையிலிருந்து நீரைக் கலக்கிவிட்டால் பச்சை கலந்த நீலத்தில் பளிச்சென்று ஒளிரும். விளிம்பில் குட்டை இழைகளும் நடுவில் நான்கு வளையங்களும் தெரிந்தால் அது நிலா ஜெல்லி. கொட்டினாலும் இலேசான அரிப்போடு போய்விடும். சிங்கப் பிடரி ஜெல்லி என்று ஒன்று குளிர்காலத்தில் வரும். அப்போது யாரும் நீந்தப் போவதில்லை.

இனி உப்புக்கு வருவோம். செசபீக் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளம். ஆனால் சராசரி ஆழம் ஆறரை மீட்டர்கூட இல்லை. வடகோடியில் சஸ்குவஹானா ஆறு வந்து விழுகிறது. விரிகுடாவுக்கு வரும் நன்னீரில் பாதி அந்த ஒரே ஆற்றினுடையது. தென்கோடியில் வாய் திறந்து அட்லாண்டிக் உள்ளே வருகிறது. ஆகவே வடக்கே கிட்டத்தட்டக் குடிநீர், தெற்கே கிட்டத்தட்டக் கடல்நீர், இடையில் படிப்படியாக ஏறும் உவர்ப்பு. சீ நெட்டிலுக்குப் பிடித்தது இந்த நடுப்பகுதி. லிட்டருக்கு 10 முதல் 16 கிராம் உப்பும், 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் அது அதிகம் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். அதாவது அசல் கடலும் இதற்கு ஒத்துவராது, ஆற்று நீரும் ஒத்துவராது.

இதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் கதை மாறுகிறது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் சஸ்குவஹானா பெருகி ஓடினால் உப்புக் கோடு தெற்கே தள்ளப்படும். அந்தக் கோடையில் மேரிலாந்தின் தலைநகரான அனாபொலிஸ் பக்கத்தில் நெட்டில் அரிது. மழை பொய்த்தால் உப்பு வடக்கே ஏறும், கூடவே நெட்டிலும் ஏறும். 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் கொண்டுவந்த வெள்ளம் விரிகுடாவின் பெரும்பகுதியை நன்னீராக்கியது. அந்தக் கோடையில் நடு விரிகுடாவில் நெட்டிலைத் தேடவேண்டியிருந்தது. சிப்பிகளும் அதில் கூட்டம் கூட்டமாக மாண்டன என்பது அந்த வெள்ளத்தின் துயரமான மறுபக்கம். பிற்காலத்தில் 2018ஐச் சொல்லலாம். பால்டிமோரில் மழைக் கணக்கு எடுக்கத் தொடங்கியதிலிருந்து அதிக மழை கண்ட ஆண்டு அது. அந்த ஆண்டும் நெட்டில் குறைவுதான்.

இந்தத் தொடர்பை வெறும் அனுபவமாக விடாமல் கணக்காக்கியவர் ஆய்வாளர் டேவிட் கார்கோ. சாலமன்ஸ் ஊரில், பட்டுக்ஸெண்ட் ஆறு விரிகுடாவில் சேரும் இடத்தில், செசபீக் உயிரியல் ஆய்வகம் இருக்கிறது. அதன் படகுத்துறையில் நின்று 1960இலிருந்து ஜெல்லி மீன்களை எண்ணத் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகள் விடாமல் எண்ணினார்கள். ஆண்டின் முதல் பாதியில் ஆறுகள் கொண்டுவரும் நன்னீரின் அளவை வைத்து அந்தக் கோடையின் ஜெல்லி மீன் வரத்தை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம் என்று கார்கோ 1990இல் காட்டினார். ஒரு மரப்பாலத்தின்மேல் நின்று, தினமும் தண்ணீரைக் குனிந்து பார்த்து எண்ணிய கணக்கு அது. பெரிய கருவி எதுவும் இல்லை. இப்படிப்பட்ட பொறுமையான வேலைக்கு நாம் போதிய மரியாதை கொடுப்பதில்லை என்பது என் கருத்து.

பின்னர், அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா, நீரின் வெப்பத்தையும் உப்பையும் கணினி மாதிரியில் கணித்து, எந்தப் பகுதியில் நெட்டில் எதிர்ப்பட எவ்வளவு வாய்ப்பு என்று வரைபடம் போடும் முறையை உருவாக்கியது. வரைபடம் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. மேரிலாந்து இயற்கை வளத் துறையின் ‘ஐஸ் ஆன் தி பே’ (Eyes on the Bay) இணையத்தளத்தில் அளவீட்டு நிலையங்களின் உப்பும் வெப்பமும் கிடைக்கும். உங்கள் கரைக்குப் பக்கத்து நிலையத்தைப் பாருங்கள். உப்பு லிட்டருக்கு 5, 6 கிராம் என்றால் நிம்மதியாகப் போகலாம். 12, 13 என்று காட்டி, நீரும் 28 டிகிரியைத் தொட்டிருந்தால் நெட்டில் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கரைகளைப் பற்றி என் நேரடியான கருத்தைச் சொல்கிறேன். ஜூலைக் கடைசிதான் முடியும் என்றால், சிறு பிள்ளைகளோடு போக நான் முதலில் சொல்வது பெட்டர்டன். கிழக்குக் கரையில், கெண்ட் கவுண்டியில், சாசஃப்ராஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. உப்பு மிகக் குறைவு என்பதால் நெட்டில் இல்லாத கரை என்றே பெயர் வாங்கியது. அதைவிட வடக்கே எல்க் நெக் மாநிலப் பூங்கா இருக்கிறது. பால்டிமோர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு கன்பவுடர் ஆற்றோரத்து ஹேமர்மன் கரை கிட்டத்தில் இருக்கிறது. இந்த வடபகுதிக்கென்று ஒரு குறை உண்டு. வெயில் காலத்தில் சில நாட்கள் நீலப்பச்சைப் பாசி படரும். பச்சைச் சாயம் ஊற்றியதாகத் தண்ணீர் தெரிந்தாலோ, எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தாலோ அன்றைக்கு இறங்க வேண்டாம்.

விரிகுடாவைக் கடக்கும் பே பிரிட்ஜ் பாலத்தின் அடிவாரத்து சாண்டி பாயிண்ட் இரண்டுங்கெட்டான் இடம். மழை ஆண்டில் நன்றாக இருக்கும், வறண்ட ஆண்டில் நெட்டில் வந்துவிடும். அங்கிருந்து கெண்ட் தீவுவரை 4.4 மைல் நீந்திக் கடக்கும் புகழ்பெற்ற போட்டி ஜூன் மாதத்தில்தான் நடக்கிறது. நீந்துமளவுக்கு நீர் வெதுவெதுப்பாகி, நெட்டில் இன்னும் பெருகாத இடைவெளி அது. அடுத்த ஆண்டு உங்கள் பயணத்தை ஜூன் முதல் பாதிக்கு மாற்ற முடியுமானால் நீங்களும் அதையே செய்யலாம்.

அதற்குத் தெற்கே, கால்வர்ட் கவுண்டிக் கரைகள், பட்டுக்ஸெண்ட், சாப்டாங்க் ஆறுகளின் கீழ்ப்பகுதி, பொடோமாக் ஆறு விரிகுடாவில் சேரும் பாயிண்ட் லுக்அவுட் எல்லாம் நெட்டிலின் சொந்த ஊர்கள். ப்ரீஸி பாயிண்ட் போன்ற சில கரைகளில் குளிக்கும் இடத்தைச் சுற்றி வலை கட்டுவார்கள். வலை உதவும், ஆனால் முழுக் காவல் என்று நம்பிவிடக் கூடாது. அலை வலையில் மோதும்போது நெட்டிலின் இழைகள் அறுந்து துண்டு துண்டாக உள்ளே வந்துவிடும். அறுந்த துண்டும் கொட்டும். பிள்ளைகள் வலையைப் பிடித்துத் தொங்கி விளையாடுவார்கள். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். இழைகள் சிக்கிக் கிடக்கும் இடமே அதுதான்.

ஓஷன் சிட்டிக்குப் போய்விடலாமா என்று நினைப்பீர்கள். அங்கே நெட்டில் தொல்லை குறைவு என்பது உண்மை. ஆனால் அது திறந்த அட்லாண்டிக். அலையும், ஆளைக் கரையிலிருந்து இழுத்துப்போகும் நீரோட்டமும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கு நெட்டிலைவிட அந்த நீரோட்டம் பல மடங்கு ஆபத்து. உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் இடத்தில், இருக்கும் நேரத்தில் மட்டும் இறக்குங்கள்.

கரைக்குப் போனதும் துணி மாற்றுவதற்கு முன் ஒரு வேலை. படகுத்துறையோ கற்கரையோ இருந்தால் அதில் நின்று ஐந்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். நெட்டில் சீராகப் பரவி இருப்பதில்லை. காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அங்கே ஒதுங்கும். நுரையும் சருகும் சேர்ந்து கோடாக மிதக்கும் இடத்தில் கூடும். காலையில் சுத்தமாக இருந்த கரை, காற்று திரும்பிய பிறகு மாலையில் அப்படி இருக்காது. ஐந்து நிமிடத்தில் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டால், கண்ணுக்குப் படாதவை இன்னும் பல இருக்கின்றன என்று அர்த்தம். இந்த நீர் கலங்கலானது. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது.

மழை நெட்டிலை விரட்டும் என்றேன். அதற்காக நேற்று இரவு கொட்டித் தீர்த்த மழையைப் பார்த்து மகிழ வேண்டாம். நெட்டிலைக் குறைப்பது மாதக் கணக்கில் வரும் ஆற்று நீர், ஒரு நாள் மழை அல்ல. அந்த ஒரு நாள் மழை செய்வது வேறு. தெருக் கழிவையும் கால்நடைக் கழிவையும் விரிகுடாவில் சேர்க்கும். கனமழைக்குப் பிறகு 48 மணி நேரம் நீந்தாமல் இருப்பது நல்லது.

உடைக்கு வருவோம். கொட்டும் செல் என்பது மிகச் சிறிய பை. அதற்குள் சுருட்டி வைத்த ஒரு நூல், நூலில் நஞ்சு. தோல் உரசியதும் அது வெளியே பாய்கிறது. நெட்டிலின் தூரத்து உறவான ஹைட்ராவில் இந்தப் பாய்ச்சலை அளந்திருக்கிறார்கள். ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குகூட ஆகவில்லை. நாம் சுதாரித்து விலக நேரமே கிடையாது. ஆனால் அந்த நூல் மிகக் குட்டை. மெல்லிய, இறுக்கமான துணிகூட அதைத் தடுத்துவிடும். ஆகவே கையும் காலும் மூடும் நீச்சல் உடைதான் சிறந்த பாதுகாப்பு. பிள்ளைகளுக்கு வெயிலிலிருந்தும் காப்பாகும். தொளதொளப்பான டி-ஷர்ட், சுடிதார், புடவை ஆகியவை எதிர்மாறானவை. உள்ளே புகுந்த இழைத்துண்டு வெளியே போக வழியில்லாமல் தோலோடு ஒட்டிக் கிடக்கும். நனைந்த புடவை காலைச் சுற்றினால் நீரில் நிற்பதும் கடினம். கொட்டும் செல்களை ஏமாற்றும் களிம்புகளும் விற்கின்றன. சோதனைகளில் கொட்டு குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் பூசலாம்.

இத்தனைக்குப் பிறகும் கொட்டிவிட்டால்? சுரீரென்று எரியும். சாட்டையால் அடித்த கோடுகளாகச் சிவந்து தடிக்கும். அரை மணியிலிருந்து சில மணி நேரம் வலி இருக்கும், தடிப்பு சில நாள் இருக்கலாம். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு உயிராபத்து இல்லை. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரிந்திருந்தால் தண்ணீரில் பதறமாட்டார்கள்.

கரைக்கு அழைத்து வாருங்கள். தேய்க்காதீர்கள். துண்டால் துடைப்பது, மணலைப் போட்டு உரசுவது, நல்ல தண்ணீரில் கழுவுவது மூன்றும் கூடாது. தோலில் ஒட்டியிருக்கும் இழையில் இன்னும் வெடிக்காத செல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உரசலும் நன்னீரும் அவற்றையும் வெடிக்க வைக்கும். சிறுநீர் விடச் சொல்பவர்களை அருகில் சேர்க்காதீர்கள். வினிகர் ஊற்றச் சொல்வதும் பெட்டி ஜெல்லி மீன்களுக்கான அறிவுரை. அவற்றுக்கு அது சரி. சீ நெட்டிலில் வினிகர் செல்களைத் தூண்டிவிடக்கூடும் என்று சோதனைகளில் தெரிந்தது. இந்த நஞ்சை நெடுங்காலம் ஆராய்ந்த மேரிலாந்து பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஜோசப் பர்னெட் சொன்ன மருந்து நம் அடுப்படியிலேயே இருக்கிறது: ஆப்ப சோடா. சோடாவும் கடல்நீரும் சம அளவு கலந்து குழைத்துக் கொட்டிய இடத்தில் அப்புங்கள். சில நிமிடம் கழித்து இழைகளை இடுக்கியால் தூக்கி எடுங்கள்.

பிறகு வெந்நீர். நஞ்சிலுள்ள புரதங்கள் சூட்டில் செயலிழக்கும். 45 டிகிரி அளவில், பெரியவர் ஒருவர் தம் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துத் தாங்கக்கூடிய சூட்டில், இருபது நிமிடமாவது ஊற்றவோ நனைத்த துணியைப் போடவோ வேண்டும். பிள்ளையின் தோல் மென்மையானது, பொறுக்கும் சூடு போதும். காலையில் ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீரும் ஒரு டப்பா ஆப்ப சோடாவும் எடுத்துப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ அது ஒவ்வாமை. உடனே 911. கண்ணில் பட்டிருந்தாலும் மருத்துவரிடம்தான் போகவேண்டும்.

கடைசிக் கேள்வி, ஏன் ஒழிக்கவில்லை? முயன்றார்கள். 1966இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஜெல்லி மீன்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே இயற்றியது. அந்தப் பணத்தில் ஆராய்ச்சி நடந்தது, நெட்டிலைப் பற்றி நிறைய தெரியவந்தது. நெட்டில் மட்டும் குறையவில்லை. காரணம் அதன் வாழ்க்கையில் பாதி, நாம் பார்க்காத இடத்தில் நடக்கிறது.

மேரிலாந்து மாநிலம் 2008இலிருந்து ஒரு திட்டம் நடத்துகிறது. ஆற்றோர வீட்டுக்காரர்கள் தங்கள் படகுத்துறையில் கம்பிக் கூண்டுகளைத் தொங்கவிட்டு, சிப்பிக் குஞ்சுகளை ஒரு குளிர்காலம் வளர்த்துக் கொடுப்பார்கள். நண்பர் ஒருவரின் கூண்டுகளைக் கழுவ நானும் போவதுண்டு. மே மாதத்தில் ஒரு சிப்பியைத் திருப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர்கூட இராத வெள்ளைக் காம்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றின் தலையில் குறுக்கே வரி வரியாகப் பள்ளம் விழுந்து, இட்லித் தட்டுகளை அடுக்கியது போலத் தெரியும். மேல்தட்டு துடிக்கும். துடித்துத் துடித்துக் கழன்று நீந்திப் போகும். அதுதான் குட்டி நெட்டில். அடுத்த தட்டும் அப்படியே கழலும். காம்பு அங்கேயே இருக்கும்.

இந்தக் காம்புகள்தான் நெட்டிலின் வேர். கோடையில் பெரிய நெட்டில்கள் முட்டையிட்டு, இலையுதிர் காலத்தில் செத்துப்போகின்றன. முட்டையிலிருந்து வந்த நுண்புழு சிப்பி ஓட்டின் அடியில் ஒட்டிக் காம்பாகிறது. குளிர் வந்ததும் தடித்த உறை போட்டுக்கொண்டு உறங்குகிறது. வசந்தத்தில் நீர் 17 டிகிரியைத் தாண்டியதும் விழித்துத் தட்டு தட்டாகக் கழற்றத் தொடங்குகிறது. நீரில் மிதப்பவற்றை லாரி லாரியாக அள்ளினாலும், அடியில் கிடக்கும் ஒவ்வொரு ஓட்டையும் திருப்பிச் சுரண்ட யாரால் முடியும்?

முடிந்தாலும் செய்யக் கூடாது என்பேன். முன்பு சொன்ன சீப்பு ஜெல்லி நமக்குச் சாது, சிப்பிக்கும் மீனுக்கும் எமன். சிப்பிக் குஞ்சையும் மீன் முட்டையையும் அது வாரித் தின்கிறது. அந்தச் சீப்பு ஜெல்லியைத் தின்று அடக்கி வைப்பது சீ நெட்டில். நெட்டில் தன் வாயில் அகப்படும் சிப்பிக் குஞ்சுகளைப் பெரும்பாலும் செரிக்காமல் உயிரோடு வெளியே விட்டுவிடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். சீப்பு ஜெல்லியைத் தின்ன ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கருங்கடல் சாட்சி. 1980களின் தொடக்கத்தில் கப்பல்கள் நிலைதடுமாறாமல் இருக்க நிரப்பிக்கொள்ளும் எடைநீரோடு இதே சீப்பு ஜெல்லி அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் நெத்திலி மீன்பிடியே சரிந்தது. அதைத் தின்னும் இன்னொரு ஜெல்லி 1997இல் வந்த பிறகுதான் நிலைமை தேறத் தொடங்கியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நெட்டில் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். சாலமன்ஸ் படகுத்துறைக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஸ்மித்சோனியன் ஆய்வாளர் டெனிஸ் பிரைட்பர்க்கும் ரிச்சர்ட் ஃபுல்ஃபோர்டும் 2006இல் அந்தக் கணக்கை அலசினார்கள். 1980களின் நடுவில் நெட்டில் சரிந்திருக்கிறது. மிகையான அறுவடையும் இரண்டு ஒட்டுண்ணி நோய்களும் சேர்ந்து சிப்பிகளை அழித்த காலம் அது. ஓடு குறைந்தது, காம்பு ஒட்ட இடம் குறைந்தது, நெட்டிலும் குறைந்தது. சீப்பு ஜெல்லிக்குக் கொண்டாட்டம். ஆகவே இந்த நீரில் நெட்டில் கொட்டுவதை விரிகுடா கெட்டுப்போனதன் அடையாளமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. விரிகுடாவைக் கெடுப்பது வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்து சேரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான். அதற்கு நெட்டிலைப் பழி சொல்வது அநியாயம். நீர் சூடாகிக்கொண்டே போனால் நெட்டில் காலம் முன்னும் பின்னும் நீளலாம். வசந்த மழை கூடினால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். எது வெல்லும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

தாத்தா, பாட்டி பற்றி. ஓரத்தில் கால் நனைத்து நிற்பதில் தடையில்லை. ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் நெட்டிலும் கொட்டும், சிப்பி ஓடு காலைக் கிழிக்கும். அவர்கள் விஷயத்தில் எனக்கு நெட்டிலைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா கோடையில் பெருகும். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்குச் சிறு வெட்டுக்காயம் வழியாக உள்ளே போனால் மிக வேகமாகப் பரவி உயிருக்கே உலை வைத்துவிடும். ஊரிலிருந்து வரும் நம் பெரியவர்களில் சர்க்கரை நோய் இல்லாதவர்கள் எத்தனை பேர்? புறப்படும் முன் அவர்களுடைய பாதங்களையும் விரல் இடுக்குகளையும் நீங்களே பாருங்கள். வெடிப்போ புண்ணோ இருந்தால் அன்றைக்கு அவர்கள் நிழலில் நாற்காலி போட்டு உட்காரட்டும். நீரில் நின்றபின் கால் சிவந்து வீங்கி, வலி நேரத்துக்கு நேரம் கூடினால் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உவர்நீரில் இறங்கியிருந்தார் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.